ஜூனில் குறித்த நாள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மாசி முடிந்து பங்குனி பிறந்திருக்கும். நமக்கு வெயில் ஏறுகிற காலம். நண்பகலில் மாட்டை எந்த மரத்தடியில் மாற்றிக் கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கியிருப்போம். இதே நாட்களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையுமாக, டார்ச் விளக்கோடு ஒருவர் சினைமாடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். எந்த மாடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது, எது வாலைத் தூக்கிக்கொண்டு படுத்துப் படுத்து எழுகிறது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போவார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கொஞ்சம் கண்ணயர்வார். இரண்டு மணி நேரத்தில் மறுபடி கிளம்புவார். இப்படி ஆறு வாரம், எட்டு வாரம். அங்கே அது கன்று ஈனும் பருவம்.

இந்தக் கால்நடைச் சிறப்பிதழுக்காக அந்தப் பக்கத்துப் பண்ணைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பனிப்புயல் வரும் என்று தெரிந்தும் மாடுகளை ஏன் அந்த மாதத்தில் ஈனவிடுகிறார்கள்? ஈனவிடுகிறார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பசு சினைப்பட்டு ஈனுவதற்குச் சுமார் 283 நாள் ஆகும். ஜூன் 1-ஆம் தேதி மந்தைக்குள் காளைகளை அவிழ்த்துவிட்டால், மார்ச் 11-ஐ ஒட்டிக் கன்றுகள் விழத் தொடங்கும். காளையை எப்போது அவிழ்ப்பது என்பது மனிதன் கையில் இருக்கிற காரியம். ஆக, பனிப்புயலில் ஈரம் சொட்டச் சொட்ட நடுங்குகிற கன்றின் பிறந்த நாள், முந்தின ஆண்டு ஜூனில், முழங்கால் அளவு பசும்புல் நின்ற ஒரு நல்ல நாளில் குறிக்கப்பட்டுவிட்டது. இது உறைத்த பிறகு அந்த ஊர்ப் புயல் கதைகள் எனக்கு வேறு விதமாகப் படத் தொடங்கின.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் என்பது புல் போர்த்திய மணல்மேடுகள். ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. உழுதால் மணல் பறந்துவிடும், அதனால் ஏர் பிடிக்க லாயக்கில்லாத மண். ஆனால் அடியில் ஓகலாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருப்பதால் புல்லுக்குக் குறைவில்லை. அங்குள்ள செர்ரி கவுண்டியின் பரப்பு 15,500 சதுர கிலோமீட்டர். மக்கள் ஐயாயிரத்துச் சொச்சம்தான். அமெரிக்காவிலேயே இறைச்சி மாட்டினப் பசுக்கள் மிக அதிகம் இருக்கிற கவுண்டி அதுதான். மாநிலம் முழுவதற்கும் கணக்கெடுத்தால் மனிதர்கள் 20 லட்சத்தை ஒட்டி, மாடுகள் 60 லட்சத்துக்கு மேல்.

இவை கறவை மாடுகள் அல்ல. பெரும்பாலும் கறுப்பு ஆங்கஸ், அடுத்தபடியாகச் சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமான ஹெர்ஃபோர்டு. யாரும் பால் கறப்பதில்லை, மடியில் சுரப்பது முழுக்கக் கன்றுக்குத்தான். அக்டோபர், நவம்பரில் பால்குடி மறக்கடித்துக் கன்றுகளை எடை போட்டு விற்பார்கள். வருஷம் முழுக்க உழைத்ததற்கு அந்த ஒரு நாள்தான் சம்பள நாள். (தெற்கே டெக்சாஸ் பக்கம் போனால் திமில் வைத்த மாடுகளைப் பார்க்கலாம். நம் ஓங்கோல், கிர் மாடுகளின் ரத்தம் கலந்து உருவான அமெரிக்க பிராமன் இனம் அது. அதை வளர்ப்பவர்கள் 1924-இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அந்த மாடு வடக்கே அவ்வளவாக வரவில்லை. அதன் கன்று பிறந்தவுடன் குளிருக்கு ஈடுகொடுக்காது.)

ராக்காவலில் பெரிய கவலை தலையீத்துக் கிடாரிகள்தான். இரண்டு வயது, முதல் பிரசவம். என்ன நடக்கிறது என்று அதற்கும் தெரியாது. மற்ற மாடுகளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே இவை ஈனும்படி ஏற்பாடு செய்து, கொட்டகைக்குப் பக்கத்துப் பட்டியில் விளக்கு வெளிச்சத்திலேயே வைத்திருப்பார்கள். முன்னங்கால் இரண்டும், அதன்மேல் சாய்ந்தபடி மூக்கும் தெரிந்தால் நிம்மதி. குளம்பின் உள்ளங்கால் மேல்நோக்கித் தெரிந்தால் கன்று பின்புறமாக வருகிறது என்று அர்த்தம். ஒரு கால் மட்டும் வந்தால் இன்னொன்று உள்ளே மடங்கியிருக்கிறது. தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் வேலை நகரவில்லை என்றால் கை வைத்துத்தான் ஆக வேண்டும். கன்றின் காலில் கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று சங்கிலியை மாட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். அது ஓயும்போது இழுப்பவரும் ஓய வேண்டும். அவசரப்பட்டால் தாய்க்கும் சேதம், கன்றுக்கும் சேதம்.

வெளியே வந்த கன்று மூச்சு விடத் தயங்கினால் மூக்குக்குள் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுத் தும்ம வைப்பார்கள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது அங்கேயும் பழைய வழக்கம். இப்போது கால்நடை மருத்துவர்கள் அது வேண்டாம் என்கிறார்கள். குடலின் பாரமெல்லாம் நெஞ்சை அழுத்தி, இழுக்கிற கொஞ்ச மூச்சையும் தடுத்துவிடும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தால் போதும். நம் ஊரிலும் தொங்கவிடுகிற கை இன்னும் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தக் கையைத் தடுத்தால் இந்தப் பக்கத்துக்குச் செலவான காகிதம் வீண்போகாது.

இனி குளிர். பனிப்பிரதேசத்து மாட்டுக்காரர்களிடம் கேட்டால் குளிரைப் பற்றி அவ்வளவாகப் புலம்ப மாட்டார்கள். அவர்கள் பயப்படுவது ஈரத்துக்கு. குளிர்காலத்துக்கென்று அடர்த்தியாக முளைத்த மயிர் உலர்ந்திருந்தால், உறைநிலைக்குக் கீழே 8 டிகிரி வரைக்கும் பெரிய மாடு கூடுதல் தீனி கேட்காமல் நிற்கும். அதே மயிர் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்பு சூட்டுக்காகப் போராட ஆரம்பித்துவிடும். 15 டிகிரி என்பது நமக்குக் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உலாவப் போகிற சாயங்காலம். காய்ந்த பனி முதுகில் மாவாகக் கிடந்தாலும் கெடுதல் இல்லை. மழையும் ஈரப்பனியும் பின்னாலேயே காற்றும் வந்தால்தான் ஆபத்து.

கன்றோ பிறக்கும்போதே நனைந்துதான் பிறக்கிறது. தாயின் வயிற்றில் 38 டிகிரிக்கு மேலான கதகதப்பில் ஒன்பது மாதம் கிடந்துவிட்டு, ஒரு நொடியில் உறைந்த தரையில் வந்து விழுகிறது. 35, 40 கிலோ உடம்பு. கையிருப்பு என்று சொன்னால் சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பட்டையிலும் இருக்கிற கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு. நடுங்காமலேயே சூடு உண்டாக்கித் தருகிற கொழுப்பு அது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குள் தாய் நக்கிக் கொடுத்தாக வேண்டும். தாய் நக்குவதில் பாதி துவட்டல், பாதி ரத்த ஓட்டத்தைத் தட்டி எழுப்புதல். அதற்குள் கன்று எழுந்து நின்று காம்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். அரை மணியில் எழுந்து, இரண்டு மணிக்குள் குடித்துவிட்டால் பிழைத்தது. காற்று அடிக்கிற அடியில் தாய் தடுமாறிப்போனால், அல்லது கிடாரி பயந்து ஓடிவிட்டால், இந்த மணிக்கணக்கெல்லாம் தவறிவிடும்.

கன்று தேறுமா என்று பார்க்கப் பண்ணைக்காரர்கள் முதலில் செய்வது, அதன் வாய்க்குள் விரலை விடுவது. வாய் சில்லென்றிருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் உடம்புச்சூடு 34 டிகிரியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. கன்றைத் தூக்கி பிக்-அப் வண்டியின் முன்பக்கத் தரையில் போட்டு, ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு வீட்டுக்கு ஓட்டுவார்கள். இதற்கென்றே சூடான காற்று சுற்றும் பெட்டிகள் விற்கின்றன. பெட்டி இல்லாதவர்களுக்கு அடுப்படித் தரை. நிலைமை மோசமென்றால் நேரே குளியலறைத் தொட்டிதான், 40 டிகிரி வெந்நீரில் தலையைத் தாங்கிப் பிடித்தபடி. வீட்டுக்காரம்மா உலர்த்தித் துவட்ட எடுத்துக்கொடுக்கிற துண்டு மறுபடி மனிதர் உபயோகத்துக்கு வராது. ஹேர் டிரையர் கணக்கும் அதேதான்.

சூடு ஏறியவுடன் சீம்பால். மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புப் பொருளில் ஒரு பங்கைத் தாய் வயிற்றிலிருந்தே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அந்தப் பொருளைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. பிறந்த கன்றிடம் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி என்று எதுவுமே கிடையாது, எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதையும் கன்றின் குடல் எப்போதும் உறிஞ்சாது. முதல் ஆறு மணி நேரம் நன்றாக உறிஞ்சும், அப்புறம் வாசல் சாத்திக்கொண்டே வரும், 24 மணி நேரத்தில் முழுக்க அடைத்துவிடும். அதனால்தான் அந்தப் பண்ணைகளின் ஃப்ரீஸரில் சீம்பால் உறைய வைக்கப்பட்டிருக்கும். வெந்நீரில் வைத்து மெதுவாக இளக்கி, குடிக்கத் தெம்பில்லாத கன்றுக்குக் குழாய் வழியாக வயிற்றில் இறக்குவார்கள். கொதிக்க வைத்தால் போச்சு, அதிலிருக்கிற சத்து கெட்டுவிடும். நம் வீடுகளில் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்த நாட்கள் எனக்கும் இனிப்பான ஞாபகம்தான். கொடுங்கள். ஆனால் கன்று வயிறு முட்டக் குடித்த பிறகு மிஞ்சியதைக் கொடுங்கள். முதல் ஆறு மணி நேரத்துப் பால் பக்கத்து வீட்டுக்குப் போகிற பால் அல்ல.

பிழைத்த கன்றிலும் புயல் அடையாளம் வைத்துவிட்டுத்தான் போகும். காது மடலும் வால் நுனியும் உறைந்து, கறுத்து, சில வாரத்தில் உதிர்ந்துவிடும். இலையுதிர்காலச் சந்தையில் குட்டைக்காதுக் கன்றைப் பார்த்தவுடனே வாங்க வந்தவருக்கு இது எந்தப் புயலில் பிறந்தது என்பது தெரிந்துவிடும். வளர்ச்சியில் குறை ஒன்றும் இராது. இருந்தாலும் அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சந்தை எங்கே இருந்தாலும் சந்தைதானே. கன்றுகளுக்குக் காது உறை தைத்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் செய்தும் சில கன்றுகள் போய்விடும். அதே ராத்திரியில் இன்னொரு பக்கம் தாயில்லாக் கன்று ஒன்று இருக்கும், அல்லது இரட்டையில் தாய் ஒதுக்கிய ஒன்று. கன்று செத்த மாட்டிடம் அதைக் கொண்டுபோய் விட்டால் முட்டித் தள்ளிவிடும். மாடு கன்றை அறிவது வாசனையால். பண்ணைக்காரர் செத்த கன்றின் தோலை உரித்து, நாலு காலுக்கும் துளை விட்டு, அநாதைக் கன்றுக்குச் சட்டையாகப் போட்டுக் கட்டிவிடுவார். வால் இருக்கிற பகுதியைக் கட்டாயம் வைத்துக்கொள்வார். பால் குடிக்கும்போது மாடு முகர்ந்து பார்ப்பது அங்கேதான். முகர்கிறது, சந்தேகப்படுகிறது, மறுபடி முகர்கிறது, பிறகு நக்கத் தொடங்குகிறது. சில நாளில் புதுக் கன்றின் உடம்பிலேயே தன் பாலின் வாசனை ஏறிவிடும். தோலைக் கழற்றி எறிந்துவிடலாம்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு நம் வைக்கோல் கன்று நினைவுக்கு வந்திருக்கும். இறந்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, கறக்கும்போது மாட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவோமே, அதே தோல், அதே வாசனை. அங்கே அந்தத் தோலுக்குள் உயிருள்ள ஒரு கன்று போகிறது. இங்கே வைக்கோல் போனது. நாம் கல்நெஞ்சர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மாடு வைத்திருக்கிற வீட்டில் அநாதைக் கன்று எங்கிருந்து வரும்? நமக்கு வேண்டியிருந்தது பால், அவர்களுக்கு வேண்டியது கன்று. இருந்தாலும், ஏமாற்றப்பட்ட இரண்டு மாடுகளில் நெப்ராஸ்கா மாட்டுக்குக் கிடைத்தது மேலான ஏமாற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்படியும் இறைச்சிக்குப் போகிற கன்று, இதற்கா இந்தப் பாடு என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எடைக்குத்தான் பணம், செத்த கன்றுக்கு எடை இல்லை என்று கணக்காகவே பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதிகாலை நாலு மணிக்குக் குளியல் தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டிருப்பவர் அப்போது அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. அதோடு, மந்தையில் பாதி பெண்கன்றுகள். அவற்றில் நல்லவை விற்பனைக்கே போவதில்லை. வளர்ந்து, அதே பட்டியில் தாயாகி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஈன்றுகொண்டிருக்கும்.

நான் சொன்ன புயல் கதைகளில் ஒன்றுக்கு, 2019 மார்ச்சுக்கு வருகிறேன். மார்ச் 13-ஆம் தேதி அமெரிக்காவின் நடுப்பகுதியின் மேல் காற்றழுத்தம் மளமளவென்று சரிந்தது. ஒரு நாளைக்குள் 24 மில்லிபாரும் அதற்கு மேலும் இறங்குகிற புயலை அந்த நாட்டு வானிலைக்காரர்கள் வெடிகுண்டுப் புயல் என்கிறார்கள். காற்றழுத்தம் இறங்கினால் சினைமாடு ஈனத் தொடங்கிவிடும் என்பது பண்ணைக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது. ஆய்வாளர்கள் இதை ஒருமித்து ஏற்றதில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஜூன் தொடக்கத்தில் காளையை விட்டவர்களுக்குக் கன்று விழத் தொடங்குகிற அதே வாரம் அது.

மாநிலத்தின் மேற்கே பனிப்புயல். கிழக்கே மழை. தரை பல அங்குலம் உறைந்து கிடந்ததால் மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை. ஏற்கெனவே கிடந்த பனியும் அதனோடு உருகிச் சேர்ந்துகொண்டது. ஆறுகளின் மேல்மூடியாக இருந்த பனிக்கட்டி உடைந்து, பாளம் பாளமாக ஓடியது. 14-ஆம் தேதி விடியற்காலையில் நையோப்ராரா ஆற்றின் குறுக்கே 1927-இல் கட்டப்பட்ட ஸ்பென்சர் அணை, தண்ணீரும் பனிப்பாளங்களும் மோதியதில் உடைந்து போனது. வெள்ளம் வடிந்த பிறகு கார் அளவு பனிக்கட்டிகள் மேய்ச்சல் நிலத்தில் கிடந்தன. கன்றோடு ஒதுங்கிய மாடுகள், ஈன இருந்த மாடுகள், அடுக்கி வைத்திருந்த தீவனம் எல்லாம் போயின. கால்நடை இழப்பு மட்டும் 40 கோடி டாலர் என்று மாநில அரசு அப்போது மதிப்பிட்டது. வெள்ளத்தில் தீவாகிப்போன மாடுகளுக்குத் தேசியக் காவல் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து புல் உருளைகளை உருட்டிவிட்டார்கள். வேறு மாநிலங்களிலிருந்து முன்பின் தெரியாத விவசாயிகள் லாரி லாரியாகப் புல் அனுப்பினார்கள்.

இயற்கைச் சீற்றத்தில் இறந்த கால்நடைக்குச் சந்தை விலையில் 75 விழுக்காடு தருகிற அரசுத் திட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. வழக்கமாக ஆகிற சாவு போக மீதிக்குத்தான் பணம், அதற்கும் ஆதாரம் வேண்டும். ராத்திரி முழுக்கப் போராடித் தோற்றவர் காலையில் செத்த கன்றுகளை வரிசையாகக் கிடத்திப் புகைப்படம் எடுத்து, சட்டைப் பையிலிருக்கிற குறிப்பேட்டில் தாயின் காதுவில்லை எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நிவாரணப் படிவத்தோடு மல்லுக்கட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம்.

அந்த நாட்டு மாட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்குப் புல் சேர்க்கக் கற்றுக்கொண்டதே ஒரு பேரழிவுக்குப் பிறகுதான். 1886-87 குளிர்காலம் வரைக்கும் மாடுகளைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, பனியைக் கிளறித் தானே மேய்ந்துகொள்ளும் என்று இருந்தார்கள். அந்த ஆண்டு கோடையில் புல் கருகியது, குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் பனிப்புயல். மொன்டானாவிலும் டகோட்டாவிலும் மந்தை மந்தையாகச் செத்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட்டும் டகோட்டாவில் மாடு வைத்திருந்து பாதிக்கு மேல் பறிகொடுத்தவர். மொன்டானாவில் மாடு மேய்த்த சார்லஸ் ரஸ்ஸல், எலும்பும் தோலுமாகப் பனியில் நிற்கும் ஒற்றை மாட்டை ஓர் அட்டையில் வரைந்தார். மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிவிக்க அந்தச் சின்னப் படமே போதுமானதாக இருந்தது. பிறகுதான் வேலி வந்தது, புல் அறுத்துச் சேர்ப்பது வந்தது. 1930-களில் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை 20 கோடிக்கும் மேல் மரம் நட்டுக் காற்றுத்தடுப்பு அரண்களை உண்டாக்கியது. நட்ட நோக்கம் மண்ணைக் காப்பாற்றுவது. பனிப்புயலில் மாடுகள் போய் ஒண்டுவதும் அந்த மரங்களுக்குப் பின்னால்தான். காற்றின் வேகத்தை மரத்தின் உயரத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்கு அவை தணித்துக் கொடுக்கும்.

சரி, கேள்விக்கு வருவோம். ஏன் மார்ச்? பதில் தராசில் இருக்கிறது. பால் குடிக்கிற கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம் எடை கூடும். ஒரு மாதம் முந்திப் பிறந்த கன்று, இலையுதிர்காலத்தில் விற்கும்போது 25 கிலோவுக்கு மேல் கூடுதலாக நிற்கும். மந்தையில் 300 கன்று இருந்தால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் வேலை நெருக்கடி. ஏப்ரல், மே வந்துவிட்டால், உழவு நிலமும் வைத்திருப்பவர்களுக்கு மக்காச்சோளமும் சோயாவும் விதைக்கிற வேலை தலைக்கு மேல் வந்து நிற்கும், அதற்கு முன்னால் கன்று வேலை முடிந்தாக வேண்டும். சேற்றை விட உறைந்த தரை சுத்தம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் உண்மை உண்டு. ஏப்ரல் சேற்றில் படுத்த மடியைச் சப்புகிற கன்றுக்குக் கழிச்சல் நிச்சயம்.

ஆனால் இந்தக் கணக்கை மறுப்பவர்கள் பெருகிவருகிறார்கள். மாட்டுக்குத் தீனித் தேவை உச்சத்துக்குப் போவது ஈன்ற பிறகு வரும் இரண்டு மாதம். மார்ச்சில் ஈன்ற மாட்டுக்கு அந்த நேரத்தில் வெளியே புல் இருக்காது, சேர்த்து வைத்ததையோ விலைக்கு வாங்கியதையோ போட்டாக வேண்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு சாண்ட்ஹில்ஸின் விட்மன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. மார்ச்சில் ஈனும் மந்தையையும் கோடையை ஒட்டி ஈனும் மந்தையையும் அங்கே பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாமதமாக ஈன்றவற்றுக்குப் போட வேண்டிய உலர்புல் வெகுவாகக் குறைந்தது. விற்கும்போது கன்றின் எடையும் குறைந்தது. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்து ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும் மாறியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வீக மாடான காட்டெருமையைக் கேட்டாலும் அதையே சொல்லும். அது ஈனுவது பெரும்பாலும் ஏப்ரல் பாதியிலிருந்து மே வரைக்கும்.

எனக்கு மே மாதக் கட்சியில்தான் மனம் சாய்கிறது. ஆனால் செர்ரி கவுண்டியில் வங்கிக் கடன் வைத்திருப்பவன் நானல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதியை மாற்ற முடியாதவர்கள் நேரத்தை மாற்றப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மனிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனஃபல் என்ற பண்ணைக்காரர் 1970-களில் கண்டுபிடித்துச் சொன்னது இது: தீனியைக் காலையில் போடாமல் பொழுது சாயும்போது போட்டால், பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனுகின்றன. முதலில் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பிறகு பல்கலைக்கழகங்கள் சோதித்தபோது பலன் தெரிந்தது. பெருவயிற்றின் அசைவுக்கும் பிரசவ நேரத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். செலவு ஒரு காசு கிடையாது, ராக்காவலில் பாதி மிச்சம்.

கழிச்சலுக்கும் அதே போல எளிய வழியொன்று நெப்ராஸ்காவிலிருந்தே வந்தது. முன்னால் பிறந்த கன்றுகளின் வயிற்றில் கிருமி பெருகி, பின்னால் பிறக்கிற கன்றுகளைத் தாக்குகிறது என்பதைக் கவனித்த பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு முறையை வகுத்தார்கள். ஈன்ற மாட்டையும் கன்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடு, ஈனாத மாடுகளை வாரத்துக்கு ஒரு முறை புதுப் புல்வெளிக்கு நகர்த்து. அவ்வளவுதான். ஒவ்வொரு கன்றும் சுத்தமான தரையில் விழுகிறது, கூட இருப்பவையும் ஏறத்தாழ அதே வயது. இதற்கு ஊசியோ மருந்தோ வேண்டாம். ஆனால் நிலம் வேண்டும். அது அவர்களிடம் இருக்கிறது.

நம்மிடம் இருக்கிற ஒற்றைக் கொட்டகைக்கு அந்த முறை பொருந்தாது. ஆனால் சாயங்காலத் தீனி பொருந்துமா என்று பார்க்கலாம் அல்லவா? சினைமாட்டுக்குக் கடைசி மாதத்தில் எப்போது தீனி போடுகிறீர்கள், உங்கள் மாடு பகலில் ஈன்றதா, ராத்திரியா? வைக்கோல் கன்று வைத்துக் கறந்த அனுபவம் உண்டா? ஈன்ற பிறகு மாடு போட்ட இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) எந்த மரத்தில் கட்டினீர்கள்? எழுதுங்கள். தபால் அட்டையானாலும் சரி, வாட்ஸ்அப்பில் கையெழுத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் சரி. ஊர்ப் பெயரையும் மாட்டின் இனத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வருகிற கடிதங்களில் நல்லவற்றை வைகாசி இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்